மெஷின் தண்ணி

மீன் வளர்க்கிற எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. தீனியை அதிகமாகப் போட்டுவிடுவார்கள். மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்ததும், ஐயோ பாவம், பசிக்கிறது போலிருக்கிறது என்று இன்னொரு சிட்டிகை எடுப்பார்கள். அது பசி இல்லை, மூச்சு விடுகிறது.

உட்காருங்கள் மேடம். அந்தச் சாற்றைக் குடியுங்கள், வெயிலில் வந்திருக்கிறீர்கள். வாசலில் பார்த்தீர்களே, அந்த மரத்து எலுமிச்சைதான். தண்ணீர் ஒகேனக்கல்லிலிருந்து குழாயில் வருகிற காவிரித் தண்ணீர், பயப்பட வேண்டாம். என் பின்வீட்டில் குடியிருந்த தேன்மொழி என்கிற எட்டு வயதுப் பெண்ணின் கால்கள் வளைந்துபோனதற்கு நான்தான் காரணமா என்று கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஏட்டையா எழுதிக்கொள்ளட்டும். எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் இது தொட்டியில் இருக்கிற இவர்களுக்குத் தீனி நேரம். கையில் எடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் எந்தப் பேச்சும்.

இது உறைய வைத்த பொடி இறால். இப்படிக் கரைந்ததும் வலையில் வடிகட்டி, அந்தச் சாற்றைக் கொட்டிவிட வேண்டும். அது உள்ளே போனால் தண்ணீர் கெடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொருவர் வாய்க்கும் எட்டுகிற மாதிரி. மஞ்சளாக வருகிறானே, அவன்தான் முதலில் வருவான். அவனுக்குக் கடல்பாசி இலையும் கட்டித் தொங்கவிட வேண்டும். அந்தப் பாறைக்குக் கீழே, பச்சையும் நீலமுமாக ஒன்று மெல்ல நகர்கிறது, பாருங்கள். அது நாம் போடுவதைத் தொடாது. பாறையில் ஊர்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளை மட்டும் கொத்தித் தின்னும். பூச்சி தீர்ந்துவிட்டால், எதிரே இறால் கிடந்தாலும் பட்டினி கிடந்தே சாகும். தெரியாதவர்கள் அழகுக்காக வாங்கிக் கொன்றுவிடுவார்கள். என்னிடம் அது நன்றாக இருக்கிறது. அதற்காகவே பக்கத்து அறையில் தனித் தொட்டி வைத்துப் பூச்சி வளர்க்கிறேன்.

பாலக்கோட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு அரை நாள் பயணம். அந்தக் கடலை என் வீட்டு ஹாலில் வைத்திருக்கிறேன். உப்பு, சூடு, அலை, வெளிச்சம் எல்லாம் கடலில் எப்படியோ அப்படி. அந்தப் பவளங்கள் செத்த கல் இல்லை, உயிர். கையளவு வந்தது, இன்று முறம் அளவுக்கு விரிந்திருக்கிறது. தண்ணீரில் ஒரு துளி மாற்றம் வந்தாலும் சுருங்கிக்கொள்ளும். அவ்வளவு நுணுக்கமான உயிர்கள். அதைப் புரிந்துகொள்ளாமல் நான் சொல்வது எதுவும் உங்களுக்குப் புரியாது.

நான் தக்காளி மார்க்கெட்டில் மண்டி வைத்திருக்கிறேன். தீர்த்தகிரி மண்டி என்றால் யாரும் வழி சொல்வார்கள். பிறந்தது இங்கிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே முன்பெல்லாம் பெண் எடுக்க யோசிப்பார்கள். கிணற்றுத் தண்ணீர் அப்படி. பெண் பார்க்க வருகிறவர்கள் எங்கள் ஊர்ப் பெண்களைப் பாடச் சொல்ல மாட்டார்கள். ஏதாவது வேடிக்கை பேசிச் சிரிக்க வைப்பார்கள், பல்லில் காவிக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்க. எனக்கும் அந்தக் கோடு உண்டு. ஐம்பது வயது வரை வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தேன். அப்பாவுக்கு அது பல்லோடு நிற்கவில்லை, எலும்புக்குள் போய்விட்டது. கழுத்து இறுகி, முதுகு கூனி, யாராவது கூப்பிட்டால் உடம்பு மொத்தத்தையும் திருப்பித்தான் பார்ப்பார். கடைசிக் காலத்தில் அவர் வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். ஃபுளோரைடு என்ற வார்த்தை எங்களுக்குப் பிறகுதான் வந்தது. ஆக, இந்தப் பக்கத்துத் தண்ணீர் மனித உடம்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த அளவுக்கு உங்களுக்கும் தெரியாது.

கையில் நாலு காசு சேர்ந்ததும் பல்லுக்கு உறை போட பெங்களூர் போனேன். அந்த டாக்டர் காத்திருக்கிற அறையில்தான் இப்படியொரு தொட்டியை முதன்முதலில் பார்த்தேன். என் முறை வந்து கூப்பிட்டது கூடக் காதில் விழவில்லை. மீனை அல்ல, அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றுமே இல்லை மேடம். காவி இல்லை, கலங்கல் இல்லை, பாத்திரத்தில் படிகிற வெள்ளைப் படலம் இல்லை. அப்படி ஒரு தண்ணீரை என் கையால் உண்டாக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அது ஒரு மனிதனுக்கு வரக்கூடாத ஆசையா?

தொட்டி அமைத்துக் கொடுக்க அங்கிருந்து இன்னாசி என்பவர் வந்தார். நல்ல தொழில்காரர். போர் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, மெஷினில் விட்டு எல்லாவற்றையும் பிரித்தெடுத்து வெறும் தண்ணீராக்கி, பிறகுதான் கடல் உப்பு கலக்க வேண்டும் என்றார். பின்பக்க அறையில் மெஷினை மாட்டினார். அதிலிருந்து இரண்டு குழாய் வரும். ஒன்றில் சுத்தமான தண்ணீர். மற்றதில் பிரித்தெடுத்த கசடெல்லாம் கலந்த கழிவுத் தண்ணீர்.

“சார், இந்த வேஸ்ட்டு தண்ணிய வாசல் கழுவ, பாத்ரூமுக்கு ஊத்த வெச்சுக்கங்க. தப்பித் தவறி யாரும் குடிச்சுராதீங்க. போர்ல இருக்கற கெட்டதெல்லாம் மொத்தமா இதுலதான் வந்து நிக்கும்” என்றார்.

தெளிவாகத்தான் சொன்னார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. நான் குடிக்கவில்லை. என் மனைவி சுகுணாவும் குடிக்கவில்லை. எங்களுக்கு ஒகேனக்கல் இணைப்பு உண்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், குடிக்கவும் சமைக்கவும் இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும்.

காளியன் வத்தல்மலைக்காரன். என் மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்குகிறவன். அவன் பெண்டாட்டி சின்னபொண்ணு அங்கேயே தக்காளி தரம் பிரிக்கிறவள். மலையிலிருந்து தினமும் இறங்கி வர முடியவில்லை என்று கேட்டார்கள், பின்வீட்டை விட்டேன். வாடகை என்று பெரிதாக வாங்கவில்லை. அப்போது தேன்மொழி தவழ்வதை விட்டு எழுந்து நடக்கத் தொடங்கிய பருவம். மலைக் குழந்தை, காலில் அவ்வளவு வேகம். திறந்திருக்கிற கதவைப் பார்த்தால் ஹாலுக்குள் ஓடி வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்த மஞ்சள் மீனுக்கு மஞ்சக்கெழங்கு என்று பெயர் வைத்தது அதுதான். நானும் இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

அவர்கள் குடிக்கிற தண்ணீருக்குத் தெருமுனை பொதுக்குழாய் இருந்தது. அதுவும் ஒகேனக்கல் தண்ணீர்தான். வருகிற நாளில் சின்னபொண்ணு விடியுமுன் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, மண்டிக்குத் தாமதமாக வந்து கணக்குப்பிள்ளையிடம் பேச்சு வாங்குவாள். பின்வீட்டுக்குத் துவைக்க, குளிக்க ஒரு கறுப்புத் தொட்டி வைத்துக் கொடுத்திருந்தேன். மெஷினின் கழிவுக் குழாய் முதலில் வேறு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கோடையில் அதைத் திருப்பி அந்தக் கறுப்புத் தொட்டியில் விட்டேன். ஏன் திருப்பினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். துவைக்கட்டும், கழுவட்டும் என்றுதான் விட்டேன்.

மறுநாள் காலை சின்னபொண்ணு பின்வாசலில் வந்து நின்றாள்.

“ஏனுங்க மொதலாளி, தொட்டிக்கு வர்றது மெஷின்ல இருந்து வர்ற தண்ணிங்களா?”

“ஆமாம்மா.”

“மீனுக்குக் குடுக்கற மெஷின் தண்ணிய எங்களுக்கும் குடுத்துட்டீங்க. இனி நான் கொழாயடியில நிக்க வேணாம். உங்க வூடு நல்லா இருக்கணுங்க” என்று கும்பிட்டாள்.

நம் மாவட்டத்தில் மெஷினிலிருந்து வருகிறது என்றால் நல்ல தண்ணீர் என்றுதான் அர்த்தம். ஊர் ஊராக மெஷின் வைத்து, காசு போட்டுத் தண்ணீர் பிடிக்கிறார்களே, அதைப் பார்த்த கண். மெஷினுக்கு இரண்டு குழாய் உண்டென்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கும்பிடுகிறவளைப் பார்த்து, அது கழிவம்மா என்று எப்படிச் சொல்வது? நீங்கள் சொல்லியிருப்பீர்களா? நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்ன “ஆமாம்மா” என்பதில் பொய்யும் இல்லை. அது மெஷினிலிருந்து வந்த தண்ணீர்தான்.

கொஞ்ச நாள் கழித்து, “லேசா உப்புக் கரிக்குதுங்க” என்றாள். “சத்துள்ள தண்ணீர் அப்படித்தான் இருக்கும்” என்றேன். வேண்டுமானால் அதைப் பொய் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஏட்டையா. அந்த ஒன்றுதான்.

பிறகு தொட்டி வளர்ந்தது. மீன் வாங்குவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சாதுவானவற்றை முதலில் விட வேண்டும், சண்டைக்காரனைக் கடைசியில். நான் அவசரப்படவில்லை, ஒவ்வொன்றாகத்தான் சேர்த்தேன். ஆனால் ஒரு மீன் கூடினால் ஒரு சிட்டிகை தீனி கூடும். தின்றால் கழியும். கழிந்தால் தண்ணீர் கெடும். கெட்டால் மாற்ற வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் மெஷின் ஓட வேண்டும். மெஷின் ஓடினால் இந்தப் பக்கம் சுத்தமான தண்ணீர், அந்தப் பக்கம் மற்றது. மீனுக்கு ஆகாதது எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். தெருவில் விட்டால் எதிர்வீட்டு மாதவராஜ் சண்டைக்கு வருகிறார், அவர் வாசலில் பாசி பிடிக்கிறதாம். சாக்கடை கட்டித் தராத பஞ்சாயத்தை விட்டுவிட்டு என்னைக் கேட்கிறீர்கள்.

சுகுணாதான் முதலில் கவனித்தாள். தேன்மொழி பள்ளிக்கூடம் விட்டு வருவதை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

“ஏனுங்க, அந்தப் புள்ள நடக்கறதப் பாத்தீங்களா? முட்டியும் முட்டியும் இடிக்குது. பாதம் வெளிய வெளியப் போவுது.”

“வளர்கிற பிள்ளை. சரியாகிவிடும்.”

“அவங்க என்ன தண்ணி குடிக்கறாங்க?”

“மெஷின் தண்ணி.”

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். தன் பங்கையும் அவள் ஒருநாள் யோசித்துப் பார்ப்பாள் என்று நினைக்கிறேன். இப்போது காரிமங்கலத்தில் தம்பி வீட்டில் இருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை.

நான் பார்த்தேனா என்றால், பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற குழந்தையின் கால் இங்கே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாமல் இருக்காது. முன்பு ஓடி வரும், பிறகு நடந்து வந்தது, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தது. என் அப்பாவைத் தூக்கி வைத்தவன் நான். எனக்கு டாக்டர் சொல்ல வேண்டியதில்லை.

காளியன் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். மறுநாள் மண்டியில் அவனே வந்து சொன்னான். “என்ன தண்ணி குடிக்கறீங்கன்னுதாங்க மொத கேள்வி கேட்டாரு டாக்டரு. எங்க மொதலாளி மெஷின் தண்ணி குடுக்கறாருங்கன்னு சொன்னேன். அப்படின்னா தண்ணியால இல்ல, சத்துக் கொறவா இருக்கும்னு மருந்து எழுதிக் குடுத்துட்டாருங்க.” சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது, மற்றவர்களைப் போல நாங்கள் கண்ட தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இல்லை என்கிற மாதிரி.

இந்த இடத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள் என்று தெரியும். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் டாக்டருக்கு உண்மை தெரிந்திருக்கும். தண்ணீரை நிறுத்தியிருப்பார்கள். அப்போது வளைவு இவ்வளவு இல்லை. இதை நான் மறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் இதே நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்காமல் எதையும் செய்கிறவன் இல்லை நான். குழாயை எடுத்தால் கழிவுத் தண்ணீருக்கு இடமில்லை. இடமில்லை என்றால் மெஷினைக் குறைக்க வேண்டும். குறைத்தால் பாதி மீனை வெளியே எடுக்க வேண்டும். எதை எடுப்பது? மஞ்சக்கெழங்கையா? நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றைக் கூட என்னால் கை காட்ட முடியவில்லை. இவை என்னை நம்பி இருக்கின்றன. கதவைத் திறந்து வெளியே போய் வேறு தண்ணீர் தேட இவற்றுக்குக் கால் கிடையாது. அவர்களுக்குத் தெருமுனையில் குழாய் இருந்தது. நான் யாரையும் கட்டி வைக்கவில்லை.

குழந்தைக்கு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. சத்துக் குறைவு என்றார்களா, அடுத்த நாளிலிருந்தே பாலும் முட்டையும் என் செலவில் கொடுக்கச் சொன்னேன். சின்னபொண்ணு அதற்கும் கும்பிட்டாள். முட்டையை எந்தத் தண்ணீரில் வேக வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

அந்த மாதம்தான் பச்சையும் நீலமுமான இந்த மீனை வாங்கினேன். மனம் சரியில்லை. அழகாக ஒன்று இருந்தால் தேவலை போலிருந்தது.

இந்த வருடம் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்து வீடு வீடாகத் தண்ணீர் பிடித்துப் பார்த்தாள். பின்வீட்டுக் குழாயில் பிடித்து மருந்து விட்டதும் இளஞ்சிவப்பாக நிற்க வேண்டிய தண்ணீர், ஃபுளோரைடு மிகுதியில் நொடியில் மஞ்சளாகிவிட்டது. அவள் நம்பாமல் இன்னொரு முறை பிடித்தாள். பிறகு குழாயின் வழியே நடந்து, மெஷின் அறை வரைக்கும் வந்துவிட்டாள். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

சின்னபொண்ணு கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நின்றாள். முதல் முறையாக ஹாலுக்குள் வந்து மீன்களை முழுசாகப் பார்த்தாள்.

“குடிக்காதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?” என்றாள். அவ்வளவுதான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

ஒரு வார்த்தை. எல்லோரும் அதைத்தான் சொல்கிறீர்கள், ஏதோ அந்த ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்துவிடுகிற மாதிரி. அதைச் சொன்ன மறுநாள் நான் யார்? கும்பிட்ட கைக்குக் கழிவைக் கொடுத்தவன். இந்தத் தொட்டி என்ன? ஒரு குற்றம். இந்த ஊரில் பிறந்து, வாயைப் பொத்திக்கொண்டே வளர்ந்த ஒருவன், குறையில்லாத ஒன்றை ஒரே ஒரு தடவை செய்து பார்த்தான். அதை நானே என் வாயால் கெடுக்க வேண்டுமா? மாட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன். நாங்கள் எல்லோரும் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தோம். எங்களுக்காக எந்த இன்ஸ்பெக்டரும் வரவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். கழிவு என்று தெரியும். குடிக்கிறார்கள் என்று தெரியும். குழந்தையின் கால் எதனால் வளைகிறது என்று தெரியும். தெரிந்தே விட்டேன். கையெழுத்து எங்கே வேண்டுமோ அங்கே போடுகிறேன். மன்னிப்பு மட்டும் கேட்கச் சொல்லாதீர்கள், எனக்கு வராது. நான் போன பிறகு யாராவது வந்து தீனி போட வேண்டும், சிட்டிகை அளவுக்கு மேல் வேண்டாம். அதை மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.

குழாயை ஏன் திருப்பினேன் என்று சொல்வதாகச் சொன்னேன் இல்லையா. அது முதலில் வாசல் எலுமிச்சைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. சுகுணா கன்றாக வைத்து வளர்த்த மரம். அந்தக் கோடையில் இலை ஓரமெல்லாம் கருக ஆரம்பித்தது. பூ நின்றது, பிஞ்சு கொட்டியது. “ஏனுங்க, அந்தத் தண்ணி செடிக்கு ஆகலீங்க” என்றாள். போய்ப் பார்த்தேன். கையில் எடுத்த இலை பொடியாக நொறுங்கியது. அன்றைக்கே, வெயில் தாழக் கூடக் காத்திருக்காமல், நானே குழாயைப் பிடுங்கிப் பின்வீட்டுப் பக்கம் திருப்பினேன். இரண்டு மழையில் மரம் துளிர்த்துவிட்டது. நீங்கள் இப்போது குடித்தது அதன் பழச்சாறுதான். என்னைப் பற்றி வெளியே என்னவெல்லாமோ பேசுகிறார்கள் மேடம். ஓர் உயிர் கண்ணெதிரே வாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை நான்.